அடிபிடிக்காரப் பிள்ளையும் கைரேகைப் பரிசோதனையும்

கேள்வி: மட்டக்களப்புப் படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தரம் 7 வகுப்பாசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் 32 பிள்ளைகள். ஒரு பையன் தொட்டதற்கெல்லாம் கை நீட்டுகிறான். இன்னொரு பிள்ளை, தாய் குவைத்துக்குப் போன நாள் முதல் வாய் திறப்பதில்லை. சமூக, மனவெழுச்சித் திறன்களைக் கற்பிக்கச் சொல்கிறார்கள், எப்படி என்று யாரும் சொல்வதில்லை. இப்போது ஒருவர் வந்து, பிள்ளைகளின் கைரேகையைப் பதிந்து மனவெழுச்சி நுண்ணறிவை, அதாவது உணர்ச்சிகளைப் புரிந்து கையாளும் திறனை, கணித்துத் தருவதாகவும் ஒருநாள் பட்டறை நடத்துவதாகவும் சொல்கிறார். தலைக்கு 2,000 ரூபாய். பெற்றோரிடம் சேர்க்கலாமா? பாடத்திட்டத்தையும் முடிக்க வேண்டுமே.

பதில்: சேர்க்க வேண்டாம் டீச்சர். ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

விரல் ரேகை பிள்ளை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அமைந்துவிடுகிறது, சாகும்வரை மாறாது. நீங்கள் கற்பிக்கப்போவது மாறக்கூடிய ஒன்றை: கோபம் வந்தால் என்ன செய்வது, கேட்டு வாங்குவது எப்படி, தோற்றால் எப்படி நிற்பது. மாறாத ரேகையைப் பார்த்து இதைச் சொல்ல முடியும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை. வண்ண வண்ணமாக அச்சடித்த அறிக்கை ஒன்று வரும். அதில் ‘உங்கள் பிள்ளை தலைமைத்துவம் உள்ளவர், ஆனால் சீக்கிரம் உணர்ச்சிவசப்படுவார்’ என்று இருக்கும். எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும் வரி அது. கூலி வேலைக்குப் போகும் தகப்பன் அந்தக் காசுக்குக் கொப்பியோ சப்பாத்தோ வாங்கட்டும்.

பட்டறை இதைவிட மோசம். எங்கள் பகுதியில் எப்படி நடத்துகிறார்கள் என்று பல தடவை பார்த்திருக்கிறேன். மண்டபத்தில் யன்னல்களைச் சாத்துவார்கள், சோகமான பாட்டுப் போடுவார்கள், ‘கண்ணை மூடுங்கள், அம்மா இல்லாத வீட்டை நினையுங்கள்’ என்பார்கள். பிள்ளைகள் விம்மி அழும். அழுததுதான் வெற்றி என்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். உங்கள் வகுப்பில் தாய் குவைத்தில் இருக்கிற அந்தப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அன்று இரவு அம்மம்மாவுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும்போது அவளோடு யார் இருப்பார்கள்?

சுனாமிக்குப் பிறகும் இதே கதைதான். 2004 டிசம்பருக்கு அடுத்த மாதங்களில் நாவலடி முதல் திருக்கோவில் வரை யார் யாரோ வந்து, கடலை வரையச் சொல்லி, நடந்ததைச் சொல்லச் சொல்லி, ஒரே நாளில் திரும்பிப் போனார்கள். பேரிடரில் சிக்கியவர்களை உடனே உட்காரவைத்து நடந்ததை எல்லாம் சொல்லவைக்கும் முறை வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. நல்ல முன்மாதிரி நம் ஊரிலேயே இருக்கிறது. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவுக்குத் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து, வாரா வாரம், மாதக்கணக்கில் வந்தார்கள். களிமண், வர்ணம், கதை, விளையாட்டு. யாரும் யாரையும் அழவைக்கவில்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் ஒரு தைரியம் சொல்கிறேன். இந்தத் திறன்களைக் கற்பிக்கும் 213 திட்டங்களையும், அவற்றில் இருந்த இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களையும் சேர்த்து ஆராய்ந்த முடிவு 2011இல் வெளியானது. பெரும்பாலானவை அமெரிக்கப் பள்ளிகள். திட்டத்தில் இருந்த பிள்ளைகள் பாடத்திலும் முன்னேறினார்கள்: நூறு பேர் வரிசையில் நடுவில் நின்ற பிள்ளை ஏறக்குறைய 11 இடம் முன்னால் போன மாதிரி. அந்தப் பாட முன்னேற்றம் பள்ளி ஆசிரியர்களே நடத்திய இடங்களில்தான் தெளிவாகத் தெரிந்தது, வெளியாட்கள் நடத்திய இடங்களில் அல்ல. ஆகவே பாடத்திட்டம் பிந்திவிடும் என்று பயப்படாதீர்கள். இடாப்புக் கூப்பிடும் நேரத்தோடு ஒரு பத்து நிமிடம் போதும், தினமும் வேண்டும்.

தொடக்கம் சொற்களில்தான். நம் பையன்களுக்கு எல்லா உணர்ச்சிக்கும் ஒரே பெயர், கோபம். ஆனால் தமிழில், அதுவும் நம் பேச்சில், எத்தனை சொற்கள் இருக்கின்றன: அந்தரம், ஏக்கம், எரிச்சல், வெக்கம், வெப்பிசாரம், பொறாமை, பயம். ஒரு நாளைக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதுங்கள். ‘அந்தரம் எப்போது வரும்? உடம்பில் எங்கே தெரியும்?’ என்று கேளுங்கள். சோதனைத் தாள் கொடுக்க முன்னால் வரும் என்பான் ஒருவன், வயிற்றில் தெரியும் என்பாள் ஒருத்தி. சொல்ல விரும்பாதவர் சும்மா இருக்கலாம். முன்பு ஒரு வகுப்பில் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, நாள்தோறும் அடிபடும் ஒரு பையன், ‘எனக்கு வாறது கோபம் இல்ல சேர், வெக்கம்’ என்றான். அவனுடைய கிழிந்த பையைப் பார்த்து மற்றவர்கள் சிரித்ததுதான் காரணம். அந்தச் சொல் கிடைக்கும்வரை அவன் கையால் சொல்லிக்கொண்டிருந்தான்.

உங்கள் பையனிடமும் சண்டை நடக்காத நேரத்தில் பேசுங்கள். கை எழும்பப் போகிறது என்று உடம்பில் எப்படித் தெரிகிறது என்று கேட்டு, அப்போது என்ன செய்வது என்று இருவரும் முடிவெடுங்கள். தண்ணீர் குடிக்கப் போவதோ, மூன்று தடவை மெல்ல மூச்சு விடுவதோ, எதுவானாலும் அவன் தெரிவு செய்ததாக இருக்கட்டும். சண்டை நடந்துவிட்டால், ‘மன்னிப்புக் கேள், கைகொடு’ என்று முடிக்காதீர்கள். மற்றவன் சொன்னதை இவன் திருப்பிச் சொல்ல வேண்டும், அவன் ‘ஓம், அதுதான்’ என்னும்வரை. பிறகு இடம் மாறி மற்றவன் சொல்லட்டும். பிரம்பை எடுக்க வேண்டாம் என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கையே சொல்கிறது. அடித்து அடிக்காதே என்று கற்பிக்கவும் முடியாது. விளையாட்டு நேரத்தில் கிளித்தட்டு விளையாடவிடுங்கள், தோற்றுப் பழக அது நல்லது.

பேசாத பிள்ளையைப் பேசவைக்க முயலாதீர்கள். வரவுப் புத்தகம் எடுத்து வருவது போன்ற ஒரு சிறு பொறுப்பைக் கொடுங்கள், தினமும் பெயர் சொல்லி ஒரு வார்த்தை பேசுங்கள். வாரங்கள் எடுக்கும்.

இத்தனைக்கும் ஒரு விலக்கு உண்டு. பிள்ளை திடீரென்று மாறினால், ஆண்களைக் கண்டால் ஒடுங்கினால், உடம்பில் காயம் இருந்தால், சாக வேண்டும் என்று சொன்னால், அது வகுப்பறைப் பாடம் அல்ல. ‘டீச்சர், யாரிடமும் சொல்லாதீங்க’ என்று பிள்ளை கேட்கும். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மீண்டும் சொல்கிறேன், அந்த வாக்கைக் கொடுக்கவே வேண்டாம். கொடுத்தால், ஒன்று நீங்கள் அதை மீற வேண்டும், அல்லது பிள்ளை ஆபத்தில் கிடக்க வேண்டும். ‘உன்னைப் பாதுகாக்கக்கூடிய ஒருவருக்கு மட்டும் சொல்வேன், யாருக்கு என்று உனக்கும் சொல்வேன்’ என்று சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம், பிள்ளை சொன்னதை அதே சொற்களில் எழுதி வையுங்கள். அதிபருக்கும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. ‘பள்ளிக்கூடத்தின் பெயர் கெட்டுவிடும்’ என்று யாராவது தடுத்தாலும் அழையுங்கள்.

இதற்கெல்லாம் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் இருக்க வேண்டும். பெயர்ப் பட்டியலில் இருப்பார். பிள்ளை அழுகிறது என்று தேடிப் போனால், வராத ஆசிரியருக்குப் பதிலாக வேறு வகுப்பில் நிற்பார். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பயிற்சி என்று ஆசிரியரை நகரத்துக்கு அழைக்கிறார்கள், அன்று அவருடைய வகுப்பு ஆளில்லாமல் கிடக்கிறது, அறிக்கையில் மட்டும் எல்லாம் நிறைவாக இருக்கிறது.

கைரேகைக்காரர் திரும்பி வருவார், விலையைக் குறைத்தும் கேட்பார். வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். கடிதம் கொண்டு வந்தாலும் காசு சேர்க்கும் வேலையை நீங்கள் ஏற்க வேண்டாம், பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையும் கொடுக்க வேண்டாம்.