மாத்திரை என்ன விலை?

அன்புள்ள ஆசானுக்கு,

நான் பிறந்து வளர்ந்தது ஒரு மதச்சபையைச் சேர்ந்த வீட்டில். டிவி, மருந்து, வெளியாள் சிநேகம் எதுவும் கூடாது. இருபத்தொன்பது வயதில் வெளியே வந்தேன், இரண்டு வருடமாகிறது. அம்மா இன்னும் உள்ளேதான், பேசுவதில்லை. எங்களை யாரும் அடித்ததில்லை, அதனால் குறை சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. அலுவலகத்தில் சினிமாப் பாட்டு பேசினால் விழிக்கிறேன். கவுன்சலிங் போகலாமா? சுயமாகச் சிந்திக்க எந்தப் புத்தகங்களை எந்த வரிசையில் படிக்க வேண்டும்? நீங்கள் சொன்னால் அப்படியே செய்கிறேன்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

கவுன்சலிங் தாராளமாகப் போங்கள். பாட்டு தெரியாதது ஒரு குறையா? இப்போது வருகிற பாட்டு எனக்கும் தெரியாது.

'அடித்ததில்லை' என்ற வரியில் கோபம் வந்தது, உங்கள் மேல்தான். ஜப்பானில் உங்களைப் போன்றவர்களுக்குப் பெயரே உண்டு, 'ஷூக்யோ நிசெய்', மதத்தின் இரண்டாம் தலைமுறை. 2022 ஜூலையில் அந்நாட்டு முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைச் சுட்டுக் கொன்றவர், தன் தாய் யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மத அமைப்புக்குக் கொட்டிக் கொடுத்துக் குடும்பமே திவாலான ஆத்திரத்தைக் காரணமாகச் சொன்னார். கொலைக்கு நியாயம் கிடையாது. ஆனால் அதற்கப்புறம்தான் அந்தத் தலைமுறை பேசுவது ஊர் காதில் விழுந்தது. அந்த டிசம்பரிலேயே அரசு வழிகாட்டுதல் வந்தது. 'நரகத்துக்குப் போவாய்' என்று பிள்ளையை மிரட்டுவதும், சிகிச்சையை மறுப்பதும் குழந்தை வதை என்று அதில் எழுதியிருக்கிறார்கள். குறை சொல்லுங்கள், சத்தமாகவே சொல்லுங்கள்.

மருந்து என்றதும் 1986 ஞாபகம் வந்துவிட்டது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மாடி அறை, என்னோடு தங்கியிருந்தவன் இதேபோல ஒரு வீட்டிலிருந்து வந்தவன். வயது இருபத்து நான்கு. ஒரு நாள் ராத்திரி அவனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. ஒரு காய்ச்சல் மாத்திரையைக் கையில் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான், வியர்வையில் மாத்திரை கரைய ஆரம்பித்துவிட்டது. நான் அதட்டிய பிறகுதான் விழுங்கினான். விடியும்போது காய்ச்சல் இறங்கியிருந்தது. அவன் கேட்ட முதல் கேள்வி, "இது என்ன விலை?" பைசாக் கணக்கில் ஏதோ சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் தம்பி ஏழு வயதில் காய்ச்சலில் போனவன் என்பது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். முதல் வரியில் 'ஆசான்', கடைசி வரியில் 'அப்படியே செய்கிறேன்'. என்னம்மா இது? ஒரு வாசலில் இறங்கி அடுத்த வாசலில் செருப்பைக் கழற்றுகிறீர்களே!

அமெரிக்காவில் யூட்டா, அரிசோனா மாநிலங்களின் எல்லையில் ஷார்ட் கிரீக் என்று ஒரு ஊர். வாரன் ஜெஃப்ஸ் என்ற மதச்சபைத் தலைவன் சொன்னான் என்பதற்காக அவன் கூட்டத்தார் சிவப்பு நிறம் உடுத்துவதையே விட்டார்கள். 2011இல் அவனுக்கு ஆயுள் தண்டனை. அப்புறமும் ஜெயிலிலிருந்து உத்தரவு வந்துகொண்டே இருந்தது, கேட்டு நடக்க ஆளும் இருந்தது. பூட்டு எந்தப் பக்கம் இருந்தால் என்ன?

என் நண்பனுக்கும் வெள்ளைச் சட்டைதான் பழக்கம். ஜவுளிக்கடையில் "எது எடுக்கட்டும்?" என்று என் முகத்தைப் பார்த்தான். நான் ஒரு நீலக்கட்டம் எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து எல்லாமே நான்தான். நான் காபி என்றால் அவனும் காபி. குளிக்கப் போகும்போதுகூட "போய்ட்டு வரட்டுமா?" என்பான். இதை நான் நட்பு என்று நினைத்தேன். உள்ளுக்குள் ருசித்தது என்பதுதான் உண்மை. தலையாட்ட ஒருத்தன் கிடைத்தால் எவனுக்கும் ருசிக்கும், எழுத்தாளனுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அதனால்தான் சொல்கிறேன், என்னிடம் பட்டியல் கேட்காதீர்கள், நான் கொடுத்துவிடுவேன். நூலகத்துக்குப் போய்க் கைக்கு வந்ததை எடுங்கள், பிடிக்காவிட்டால் பத்தாம் பக்கத்தில் மூடுங்கள்.

அம்மாவோடு பேசலாமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, கேட்கவில்லை, இப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். அவர் உள்ளே இருப்பதாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

நண்பன் மாதாமாதம் அவன் அம்மாவுக்கு மணியார்டர் அனுப்புவான். 'பெற மறுத்தார்' என்று திரும்பி வரும். அதே பணத்தை எடுத்து அடுத்த மாதம் மறுபடி அனுப்புவான். வீண் செலவு, வேண்டாம் என்று நான் இரண்டு தடவை சொன்னேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் என் பேச்சைக் கேட்கவே இல்லை.