சல்லூமின் மகள்கள்

அன்புள்ள அண்ணா,

எனக்கு 24 வயது. எங்கள் சபையிலிருந்து 16 பேர் அடுத்த மாதம் நேபாளத்துக்குப் போகிறோம். 2023 நவம்பர் நிலநடுக்கத்தில் வீடிழந்து, இன்னும் தகரக் கொட்டகையில் இருக்கும் ஜாஜர்கோட் குடும்பங்களுக்கு வீடு கட்டிக்கொடுக்கும் ஊழியம். பத்து நாளில் மூன்று வீடுகள் என்று திட்டம். என் அண்ணன், "வீட்டைக் காட்டி மதம் மாற்றப் போகிறீர்கள்" என்கிறான். நண்பர்கள், "டிக்கெட் காசை அனுப்பிவிட்டால் போதாதா" என்கிறார்கள். இரண்டுக்கும் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் போகலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

டிக்கெட் காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு நேபாள அரசு ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டக் கொடுத்தது 3 லட்சம் நேபாள ரூபாய். 16 பேரின் பயணச் செலவைக் கூட்டி, அதன் பக்கத்தில் இந்தத் தொகையை எழுதிப் பாருங்கள். எழுதியும் போக வேண்டும் என்று தோன்றினால் போங்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் போனேன்.

உங்கள் அண்ணனின் கேள்விக்கு அங்குள்ள சட்டமே பதில் வைத்திருக்கிறது. நேபாள அரசியலமைப்பின் 26வது பிரிவு மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தில் அதற்கு 5 ஆண்டு வரை சிறை. அந்தச் சட்டம் சரியா தவறா என்று பேச எனக்கும் நிறைய உண்டு. ஆனால் நீங்கள் பாட்டுப் பாடி, துண்டுப் பிரதி கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவீர்கள். காவல் நிலையத்தில் போய் நிற்கப்போவது அந்த ஊர்ப் போதகர். அவரைக் கேட்காமல் ஒரு தாளைக்கூடப் பையில் வைக்காதீர்கள். அங்குள்ள விசுவாசிகளுக்குச் சுவிசேஷத்தை நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதில்லை. அந்த 2015 நிலநடுக்கம் வந்த ஏப்ரல் 25 ஒரு சனிக்கிழமை. நேபாளத்தில் வார விடுமுறை அன்றுதான் என்பதால் சபைகளும் அன்றுதான் கூடும். பகல் 11:56க்குப் பூமி அசைந்தபோது ஆராதனை நடந்துகொண்டிருந்தது. சபைக் கட்டடங்களுக்குள்ளேயே செத்தவர்கள் இருக்கிறார்கள். மிச்சமிருந்தவர்கள் அடுத்த சனிக்கிழமை வெட்டவெளியில் கூடினார்கள்.

சரி, என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. "பத்து நாளில் மூன்று வீடுகள்." தங்கையே, யார் போட்ட கணக்கு இது?

2017 நவம்பரில் ஒரு நண்பரின் குழுவோடு சிந்துபால்சோக்கில் ஒன்பது நாள் இருந்தேன். 2015இல் நாடு முழுக்க இறந்த ஏறத்தாழ 9,000 பேரில் 3,500 பேருக்கு மேல் அந்த ஒரு மாவட்டத்துக்காரர்கள். நான் வேலை செய்த இடத்தில் மிஸ்திரி, அதாவது கொத்தனார், ஒரு பெண். ஊரின் ஆண்களில் பாதிப் பேர் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருந்தார்கள். அதனால் கட்டடப் பயிற்சிக்குப் பெண்கள் போயிருந்தார்கள். எல்லோரும் அவரை தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

முதல் நாள் எனக்குக் கல் சுமக்கிற வேலை. இரண்டாம் நாள் ஆசைப்பட்டு நானே ஒரு கல்லை வைத்தேன். நல்ல நீளமான கல். அதன் வழவழப்பான முகம் வெளியே தெரிகிற மாதிரி, சுவரின் போக்கில் படுக்க வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. தீதி வந்தார், ஒன்றும் சொல்லாமல் அதைப் பெயர்த்தார், திருப்பினார், சுவருக்குக் குறுக்கே செருகினார். வெளியே தெரிந்தது கையகலம்தான். மீதி நீளமெல்லாம் சுவருக்குள் போய்விட்டது.

எனக்குக் கோபம் வந்தது, ஒளிப்பானேன். மாலையில் மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் கிடைத்தபோது காரணத்தைக் கேட்டேன். அங்குள்ள பழைய சுவர் உண்மையில் இரண்டு சுவர்கள். வெளிப்பக்கம் ஒரு வரிசைக் கல், உள்பக்கம் ஒரு வரிசை, நடுவில் மண்ணும் சில்லும். நிலம் குலுங்கும்போது இரண்டும் தோல் உரிகிற மாதிரிப் பிரிந்து, ஒன்று தெருவிலும் ஒன்று படுத்திருப்பவர் மேலும் விழும். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது குறுக்கே போகிற அந்த நீளக் கல். இரண்டடி உயரத்துக்கு ஒரு வரிசை, அதில் நாலடிக்கு ஒரு கல். அதோடு ஜன்னலுக்குக் கீழே, ஜன்னலுக்கு மேலே, கூரைக்குக் கீழே என்று வீட்டைச் சுற்றி அரைஞாண் கட்டின மாதிரி மரத்திலோ கான்கிரீட்டிலோ பட்டை. தீதியின் மாமியார் உள்பக்கம் விழுந்த சுவருக்கு அடியில் இறந்தவர். வெளிப்பக்கம் அழகாக இருந்த சுவர்தான் அது என்றார்.

ஜாஜர்கோட்டிலும் கல்லும் மண்ணும்தான். 2023 நவம்பர் 3, நள்ளிரவை நெருங்கும் நேரம். தூங்கிக்கொண்டிருந்த 150 பேருக்கு மேல் போனார்கள். பூமி கொன்றதைவிடச் சுவர் கொன்றதுதான் அதிகம். அந்தச் சுவரை எழுப்பத்தான் போகிறீர்கள். உங்களில் எத்தனை பேருக்குக் கல்லைப் புரட்டி, அது எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கத் தெரியும்? ஜெபம் செய்துவிட்டு வைத்தாலும் தவறாக வைத்த கல் தவறாக வைத்த கல்தான். நான் கடுமையாகப் பேசுகிறேன், தெரிகிறது. ஆனால் நீங்கள் கட்டின வீட்டுக்குள் ஒரு குழந்தை தூங்கப்போகிறது.

அந்த ஊரிலேயே இன்னொரு வீடு பார்த்தேன். நல்ல மனதோடு வந்த ஒரு குழு அவசரமாகக் கட்டிக்கொடுத்தது. அரசு அந்த 3 லட்சத்தை 50,000, ஒன்றரை லட்சம், ஒரு லட்சம் என்று மூன்று தவணையாகக் கொடுத்தது. ஒவ்வொரு கட்டத்திலும் பொறியாளர் வந்து பார்ப்பார். அந்த வீட்டில் பட்டை இல்லை. இரண்டாம் தவணை நின்றுபோனது. கட்டிக்கொடுத்தவர்கள் எப்போதோ ஊர் திரும்பிவிட்டார்கள். அந்த வீட்டுக்காரம்மா திண்ணையில் எங்களுக்குத் தேநீர் கொடுத்தார், அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

நான் சபைக்குப் போகிறவன் இல்லை, வேதாகமத்தை விடாமல் வாசிக்கிறவன். எருசலேமின் இடிந்த மதிலைத் திரும்பக் கட்டிய நெகேமியாவை எடுத்துப் பாருங்கள். ராஜாவின் கடிதமும் மரமும் ஆள்பலமும் இருந்தும் அவன் எருசலேமுக்கு வந்து மூன்று நாள் சும்மா இருக்கிறான். பிறகு இரவில் எழுந்து இடிந்த மதிலைச் சுற்றிப் பார்க்கிறான். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் "கட்டுவோம் வாருங்கள்". அடுத்த அதிகாரம் முழுக்க வெறும் பெயர்கள். பலரும் தாண்டிப் போய்விடுவார்கள், எனக்கு மிகப் பிடித்த அதிகாரம் அது. தட்டார் கட்டுகிறார், தைலக்காரர் கட்டுகிறார். பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் பகுதியைக் கட்டுகிறார்கள். சல்லூம் என்று ஒருவன், தன் மகள்களோடு கட்டுகிறான். தீதி கல்லைத் திருப்பியபோது எனக்கு அந்த மகள்கள் ஞாபகம்தான் வந்தது. பெயர்கூடச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

ஆக, போங்கள். மூன்று வீடு என்ற கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு வீட்டில் பாதிச் சுவருக்குப் போங்கள். மிஸ்திரிக்கும் வீட்டுக்காரர்களுக்கும் முழுக் கூலி கொடுங்கள், அவர்கள் கட்டட்டும். நீங்கள் 16 பேரும் கல்லும் மண்ணும் தண்ணீரும் சுமங்கள். அங்கே இப்போது என்ன விதி, எந்த வரைபடத்துக்கு அனுமதி என்று பாலிகா (உள்ளாட்சி) அலுவலகப் பொறியாளரிடம் கேட்காமல் ஒரு குழிகூடத் தோண்டாதீர்கள். உங்கள் குழுத் தலைவர் இதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் இந்தக் கடிதத்தை அவருக்கு அனுப்புங்கள். அவரோடு பேசவும் நான் தயார்.

திரும்பி வந்ததும் எழுதுங்கள். எத்தனை வீடு என்று வேண்டாம். உங்களுக்குக் கல் வைக்கக் கற்றுக்கொடுத்தவரின் பெயர் அதில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்