எனக்கு வந்தது எந்தத் திரிபு என்று ஏன் யாரும் சொல்லவில்லை?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 58, சுகர் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்பு காய்ச்சல், தொண்டைவலி வந்து பிசிஆர் எடுத்ததில் கொரோனா பாசிட்டிவ். காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது, வறட்டு இருமல் மட்டும் விடவில்லை. புதிதாக ஒரு திரிபு பல நாடுகளில் பரவுவதாகச் செய்தியில் சொல்கிறார்கள். எனக்கு வந்தது அதுதானா என்று கேட்டால் லேபில் "தெரியாது" என்கிறார்கள், டாக்டர் "அதெல்லாம் தேவையில்லை" என்கிறார். எந்தத் திரிபு என்றே தெரியாமல் எப்படிச் சரியான மருந்து கொடுக்க முடியும்? காசு கொடுத்தாவது அந்த டெஸ்டை இப்போது எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம், காசு மிச்சம். உங்கள் டாக்டர் சொன்னது சரிதான், ஏன் தேவையில்லை என்பதையும் இரண்டு நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். நாங்கள் பல பேர் செய்கிற தப்பு அது.

நீங்கள் எடுத்த பிசிஆர், வைரஸ் இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் பார்க்கும். கொரோனா வைரஸின் மரபணு சுமார் 30,000 எழுத்து நீளம், பிசிஆர் அதில் இரண்டு மூன்று சின்னத் துண்டுகளைத் தேடிப் பார்த்துவிட்டு "ஆமாம், இருக்கிறது" என்று சொல்லிவிடும். எந்தத் திரிபு என்று உறுதியாகத் தெரிய அந்த 30,000 எழுத்தையும் முதலிலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டும். அது வேறு இயந்திரம், வேறு வேலை. முடிவு வரப் பல நாள் ஆகும், அதற்குள் பெரும்பாலானவர்கள் குணமாகி வேலைக்கே போயிருப்பார்கள். மாதிரியில் வைரஸ் நிறைய இருந்தால்தான் ஒழுங்காகப் படிக்கவும் முடியும், மூன்று வாரம் கழித்து உங்கள் மூக்கில் படிக்கிற அளவுக்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

சரி, அப்படியானால் யாருக்காகத்தான் படிக்கிறார்கள்? உங்களுக்காக இல்லை, ஊருக்காக. பாசிட்டிவ் ஆனவர்களில் கொஞ்சம் பேருடைய மாதிரியை மட்டும் எடுத்துப் படித்து, எது கூடுகிறது, எது குறைகிறது என்று பார்க்கிறார்கள். ஃப்ளூ வைரஸுக்காக 2008-ல் தொடங்கிய ஜிஸ்எய்ட் என்ற தரவுத்தளத்தில் இன்று ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கொரோனா மரபணு வரிசைகள் இருக்கின்றன. அதில் உங்களுடையது இல்லாததால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். எனக்குப் பிடித்த உதாரணம் 2020 கடைசியில் பிரிட்டனில் நடந்தது. பரவலாகப் பயன்பட்ட ஒரு பிசிஆர் கிட் வைரஸில் மூன்று இடங்களைத் தேடும். திடீரென்று நிறைய மாதிரிகளில் இரண்டு இடம் தெரிகிறது, மூன்றாவது, அதாவது ஸ்பைக் புரதத்துக்கான (வைரஸின் மேல் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது) இடம், வரவே மாட்டேன் என்கிறது. பார்த்தால் கிட் கெட்டுப்போனது மாதிரிதான் இருக்கும். ஆனால் மரபணுவில் அந்த இடத்தில் ஆறே ஆறு எழுத்து காணாமல் போயிருந்தது, அவ்வளவுதான். பிறகு ஆல்ஃபா என்று பெயர் வைத்த திரிபு அது. அடுத்து வந்த டெல்டாவில் மூன்றும் ஒழுங்காகத் தெரிந்தன. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க லேப்களில் மறுபடியும் அந்த மூன்றாவது காணாமல் போக ஆரம்பித்தது, உடனே எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தார்கள், நவம்பர் 26 அன்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஒமிக்ரான் என்று பெயர் வைத்தது. அதைக் கண்டுபிடித்து வெளிப்படையாகச் சொன்னதற்குத் தென்னாப்பிரிக்காவுக்குக் கிடைத்த பரிசு, பல நாடுகள் விமானத்தை நிறுத்தியது! ஆனால் நெதர்லாந்தில் நவம்பர் 19 அன்றே எடுத்து வைத்திருந்த ஒரு மாதிரியில் ஒமிக்ரான் இருந்தது பிறகுதான் தெரிந்தது. முதலில் கண்டுபிடித்த நாட்டில்தான் அது பிறந்தது என்று அர்த்தமில்லை, அங்கே யாரோ ஒழுங்காகத் தேடியிருக்கிறார்கள், அதுதான் அர்த்தம்.

செய்தியில் வருகிற எல்பி.8.1, எக்ஸ்எஃப்ஜி போன்ற பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எல்லாம் அதே ஒமிக்ரானின் பேரன் பேத்திகள்தான். எக்ஸ் என்று தொடங்கினால் இரண்டு திரிபுகள் கலந்து பிறந்தது என்று பொருள், கொடூரமானது என்று இல்லை. எழுத்து மாறியதை வைத்து மட்டும் எதையும் சொல்லிவிடவும் முடியாது. 2023 ஆகஸ்டில் பிஏ.2.86 வந்தபோது ஸ்பைக்கில் மட்டும் முப்பதுக்கு மேல் மாற்றம் என்று எல்லாரும் பதறினார்கள், அது பெரிதாகப் பரவவே இல்லை. அப்புறம் அதன் ஸ்பைக்கில் கூடுதலாக ஒரே ஒரு மாற்றம், 455-ஆவது இடத்தில், வந்து ஜேஎன்.1 ஆனது. சில மாதங்களில் உலகம் முழுக்க அதுதான். அதனால்தான் விடாமல் கண்காணிக்கிறார்கள், அடுத்த தடுப்பூசியில் எதைச் சேர்ப்பது என்றும் அதை வைத்தே முடிவு செய்கிறார்கள். இப்போது டெஸ்ட் எடுப்பவர்களே குறைந்துவிட்டதால் சாக்கடை நீரிலும் விமானக் கழிவறை நீரிலும்கூட வைரஸைத் தேடுகிறார்கள்.

இன்னொன்று, "புதிய திரிபு 70 சதவீதம்" என்று தலைப்பைப் பார்த்தால், பரிசோதித்த மாதிரிகளில் அதன் பங்கு அது. மொத்த நோயாளிகள் குறைந்துகொண்டே வரும்போதும் ஒரு திரிபின் பங்கு ஏறிக்கொண்டே போகலாம்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். திரிபு பார்த்து மருந்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது, பொய்யில்லை. டெல்டா காலத்தில் கொடுத்த சில ஆன்டிபாடி (வைரஸைப் பிடித்து முடக்கும் எதிர்ப்புப் புரதம்) ஊசிகள் ஒமிக்ரான் வந்ததும் வேலை செய்யாமல் போயின, ஏனென்றால் அவை பிடிக்கிற ஸ்பைக்கே மாறிவிட்டது. ஆனால் பாக்ஸ்லோவிட் போன்ற மாத்திரைகள் ஸ்பைக் பக்கமே போவதில்லை, வைரஸ் பெருகுவதற்குத் தேவையான வேறொரு புரதத்தைத் தடுக்கின்றன. ஆகவே டாக்டருக்கு உங்கள் வயது, சுகர், தடுப்பூசி, தொந்தரவு ஆரம்பித்து எத்தனை நாள் ஆயிற்று, இவைதான் முக்கியம். அந்த மாத்திரையை ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும், கொலஸ்ட்ரால் மாத்திரைகள் சிலவற்றோடு ஒத்துப்போகாது. அடுத்த முறை காய்ச்சல் வந்தால் முதல் நாளே டெஸ்ட் எடுத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். எதிர்ப்புசக்தி மிகவும் குறைந்து, மாதக்கணக்கில் வைரஸ் போகாமல் இருப்பவர்களுக்கு மட்டும் மரபணுவைப் படிக்கச் சொல்லி நாங்களே எழுதுவோம். நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை.

உங்கள் இருமல் எந்தத் திரிபிலும் மூன்று நான்கு வாரம் நீடிக்கலாம். அதற்காக நீங்களாகவே ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டுவிடாதீர்கள், சுகர் கண்டபடி ஏறிவிடும். காய்ச்சல் திரும்பி வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, ஆக்ஸிஜன் அளவு 94-க்குக் கீழே போனாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். எதுவும் இல்லாவிட்டாலும், இன்னும் இரண்டு வாரத்தில் இருமல் நிற்கவில்லை என்றால் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று எடுத்துவிடுங்கள். சுகரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், காய்ச்சலுக்குப் பிறகு பல பேருக்கு ஏறியிருக்கும்.