அந்தப் பாய்

கேள்வி: சுனாமியிலும் 2009 சண்டையிலும் போய், மூன்றாம் தரம் கட்டிய வீடு எங்களுடையது, முல்லைத்தீவுக் கரையில். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கடல் பார்க்க வருபவர்களுக்கு இரண்டு அறைகள் விடுகிறேன். அக்கா ‘வீட்டை லொட்ஜ் ஆக்கிப்போட்டாய்’ என்று வருவதையே நிறுத்திவிட்டா. அப்பாவால் பிரச்சினை இல்லை. ஆட்கள் வருகிற நாட்களில் கருவாட்டுப் பாயைப் பின்வளவில் போடச் சொன்னேன், ஒன்றும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு போனார். அக்காவுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, அக்கா கிடக்கட்டும். அந்தப் பாய்க்கு வருவோம்.

‘ஆட்கள் வருகிற நாட்கள்’ எவை? வாடைக் காற்று ஓய்ந்து, தென்மேற்குச் சோழகம் வீசி, நம் கடல் படுத்துக் கிடக்கிற மாதங்கள். குளிக்க வருபவருக்கும் கரைவலைக்கும் அதே காலம்தான். மார்கழி மழையில் உங்களிடம் யார் அறை கேட்கிறார்கள்? தொழில் காலம் முழுவதும் அப்பாவைப் பின்வளவுக்கு அனுப்பிவிட்டு, ஏதோ சில நாட்கள் போல எழுதுகிறீர்கள்.

பின்வளவில் தென்னை நிழல் இருக்கும். நெத்தலிக்கு நிழல் ஆகாது. நல்ல வெயிலும் கடற்காற்றும் படவேண்டும். ஈரம் நின்றால் இலையான் மொய்க்கும், பிறகு புழு. கரையில் பிறந்த பிள்ளைக்கு இதையும் நான் சொல்ல வேண்டுமா?

‘ஒன்றும் சொல்லாமல்’ போனாராம். அம்பாப் பாட்டுப் பாடி வலை இழுத்த தொண்டை அது, தம்பி. அது பேசாமல் போனதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். கடல் பறித்தபோதும் சண்டை பறித்தபோதும் திரும்பி வந்து பாய் விரித்த முற்றத்தை, மகன் கேட்டான் என்று விட்டுக்கொடுத்திருக்கிறார். அங்கே இப்போது என்ன, இரண்டு பிளாஸ்டிக் கதிரையா?

அறை விட வேண்டாம் என்று சொல்லவில்லை. காசு தேவைதான். ஆனால் அறை கேட்டுப் போன் எடுப்பவரிடம் ‘இது மீன்பிடிக்கிற வீடு, மணக்கும்’ என்று முதலே சொல்லிவிடுங்கள். சிலர் வரமாட்டார்கள், வராமல் போகட்டும். வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குச் சிலாவத்தையில் கடல்நீர் அள்ளி, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புத்தண்ணீரில் விளக்கெரிக்கிற சனம் நாம். உப்பு மணத்துக்கா வெட்கப்படுவது?

பாயை அவர் தூக்கட்டும் என்று நிற்காதீர்கள். ஆட்கள் விறாந்தையில் தேநீர் குடிக்கிற நேரம் பார்த்து, நீங்களே முன்முற்றத்தில் கொண்டுவந்து விரியுங்கள். அக்காவுக்கு விளக்கம் ஒன்றும் வேண்டாம். நெத்தலி காய்ந்ததும் ஒரு சரை கட்டி, அப்பாவையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அவ வீட்டுக்குப் போங்கள்.