தங்களுக்குள் அடித்துக்கொண்டே கோப்பை வென்ற பேஸ்பால் அணி உண்டா?

உண்டு. 1972, 1973, 1974 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸை வென்ற ஓக்லண்ட் அத்லெடிக்ஸ்.

1974 ஜூனில் உடைமாற்றும் அறையில் அணி வீரர்கள் ரெஜி ஜாக்சனும் பில்லி நார்த்தும் கட்டிப் புரண்டார்கள். விலக்கப் போன கேட்சர் ரே ஃபாஸிக்குத்தான் கழுத்தில் பலத்த அடி! அதே ஆண்டு இறுதித் தொடர் தொடங்கும் முன் ரோலி ஃபிங்கர்ஸுக்கும் ப்ளூ மூன் ஓடமுக்கும் கைகலப்பு. ஃபிங்கர்ஸுக்குத் தலையில் தையல். தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே.

இவர்களை ஒட்டவைத்தது உரிமையாளர் சார்லி ஃபின்லி மீதிருந்த வெறுப்புதான் என்பேன். மீசை வளர்க்க வீரர்களுக்கு 300 டாலர் கொடுத்த அதே மனிதர், 1973 இறுதித் தொடரில் பிழை செய்த மைக் ஆண்ட்ரூஸிடம் காயம் என்று பொய்க் கையெழுத்து வாங்கி விலக்கினார். சக வீரர்கள் ஆண்ட்ரூஸின் 17ஆம் எண்ணைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு பயிற்சிக்கு வந்தார்கள். பேஸ்பால் ஆணையர் போவி கூன் தலையிட்டு அவரைத் திரும்பச் சேர்க்கவைத்தார்.