கடவுள் மீது வழக்குப் போட்ட எர்னி சேம்பர்ஸ்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கடவுள் மேலேயே ஒரு எம்.எல்.ஏ. வழக்குப் போட்டது உண்மையா சார்?

உண்மைதான். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் எர்னி சேம்பர்ஸ் 2007-இல் போட்டார். வெள்ளம், நிலநடுக்கம் என்று மக்களை வதைப்பதற்குத் தடை கேட்டார். நீதிமன்றக் கதவு யாருக்கும் அடைபடக்கூடாது என்பதுதான் அவர் வாதம். பிரதிவாதிக்கு முகவரி இல்லை, நோட்டீஸ் கொடுக்க வழியில்லை என்று 2008-இல் தள்ளுபடியானது. ஆனால் இந்த ஒரு செய்தியோடு அவரை மறந்துவிடுவது எனக்கு வருத்தம்.

கேள்வி: 49 பேர் கொண்ட அவையில் தனி ஆள் என்ன செய்துவிட முடியும்?

அவையின் விதிகளை அவர் அளவுக்குப் படித்தவர் அங்கே இல்லை என்பேன். பிடிக்காத மசோதா வந்தால் திருத்தத்துக்கு மேல் திருத்தம் கொண்டுவருவார், மணிக்கணக்கில் பேசுவார். கூட்டத்தொடருக்கு நாட்கள் குறைவு; அதனால் எதிர்த்தவர்களும் அவரிடம் வந்து பேசித்தான் ஆகவேண்டும். அந்த மாநிலத்தின் ஒமாஹா நகரில், வடக்குப் பகுதியில் முடிதிருத்துநராக இருந்தவர். சட்டம் படித்தும் வக்கீலாகப் பதியவில்லை.

கேள்வி: அவரை வெளியேற்றவே சட்டம் மாற்றினார்களாமே?

2000-இல் வாக்காளர்கள் பதவிக்கால வரம்பு கொண்டுவந்தார்கள்: தொடர்ந்து இரண்டு முறைதான்; இடைவெளி விட்டு மறுபடி நிற்கலாம். குறி அவர்தான் என்று பலரும் சொன்னார்கள். 1971 முதல் இருந்தவர் 2009-இல் வெளியேறினார். சரி, அதோடு முடிந்ததா? 2012 தேர்தலில் ஜெயித்துத் திரும்பி வந்து, இன்னும் எட்டு ஆண்டு இருந்தார். மொத்தம் 46 ஆண்டு.

கேள்வி: போலீஸை ஐஎஸ்ஐஎஸ் அமைப்போடு ஒப்பிட்டாரே, அதையும் ஆதரிக்கிறீர்களா?

இல்லை. 2015-இல் அப்படிப் பேசினார். மன்னிப்புக் கேட்கச் சொன்னபோது மறுத்தார். அந்த ஒப்பீடு தவறு. கறுப்பின மக்களிடம் போலீஸ் நடந்துகொள்ளும் விதத்தில் அவருக்கு இருந்த கோபம் நியாயமானது.

கேள்வி: மரண தண்டனையை அவர் ஒழித்தாரா, இல்லையா?

இரண்டும்தான். 1979-லேயே ஒழிப்பு மசோதா அவையில் நிறைவேறியது, ஆளுநர் தடுத்துவிட்டார். அப்புறமும் விடாமல் மசோதா கொண்டுவந்துகொண்டே இருந்தார். 2015-இல் ஆளுநர் பீட் ரிக்கெட்ஸின் வீட்டோவை, அதாவது மசோதாவைத் தடுக்கும் உத்தரவை, அவை 30-க்கு 19 என்று முறியடித்தது. தேவைப்பட்டது சரியாக 30 வாக்குகள். குடியரசுக் கட்சி பலமாக உள்ள மாநிலம் அது. அந்தக் கட்சிக்காரர்கள் பலரும் சேர்ந்து வாக்களித்ததால்தான் நடந்தது. அவர் வாழ்க்கையில் இதுதான் பெரிய நாள் என்று நினைக்கிறேன். ஆனால் 2016 பொது வாக்கெடுப்பில் சுமார் 61 சதவீதம் பேர் தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2018-இல் ஒருவருக்கு அது நிறைவேற்றப்பட்டது. அப்போதும் சேம்பர்ஸ் அவையில் உறுப்பினர்தான்.