மூட்டைப்பூச்சிதானா? மருந்தடிக்கும் முன் உறுதிசெய்துகொள்ளும் வழி

கேள்வி: விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகள் மூன்று வாரங்களுக்கு முன் விடுமுறைக்கு வந்தாள். சில நாட்களாக எங்கள் இருவருக்கும் கையிலும் கழுத்திலும் வரிசையாகத் தடிப்புகள் வருகின்றன. அதே அறையில் படுக்கும் மாமியாருக்கு ஒன்றுமில்லை. மெத்தை ஓரத்தில் கரும்புள்ளிகள் தெரிகின்றன. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. உடனே மருந்தடிக்கலாமா, அல்லது மெத்தையைத் தூக்கிப் போட்டுவிடலாமா? — வாசகி, திருச்சி.

பதில்: இரண்டையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்து மூட்டைப்பூச்சி இருக்கலாம் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. ஆனால் பூச்சியோ அதன் ஐயமற்ற தடயமோ கையில் கிடைக்கும் வரை அது சந்தேகம் மட்டுமே.

தடிப்புகளை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. வரிசையாக வரும் தடிப்பு மூட்டைப்பூச்சிக்கே உரியது என்று பலர் நம்புகிறார்கள், ஆனால் தெள்ளுப்பூச்சிக் கடியும் அப்படி வரலாம். கடித்த இடம் எப்படித் தடிக்கும் என்பது அவரவர் உடலைப் பொறுத்தது. சிலருக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் அரிப்பு தெரியும், சிலருக்கு எத்தனை முறை கடித்தாலும் அடையாளமே இருக்காது, முதியவர்கள் பலர் இந்த வகை. ஆகவே மாமியாருக்குத் தடிப்பு இல்லாததால் அவரைப் பூச்சி கடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிய பகுதி ஆகிய இடங்களில் இரவில் அரிப்பு கூடுகிறதா என்பதையும் கவனியுங்கள். அப்படியிருந்தால் அது சொறிசிரங்காக இருக்கலாம், தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் கண்ட கரும்புள்ளிகள் அதைவிட நல்ல தடயம். மூட்டைப்பூச்சியின் எச்சம் செரித்த இரத்தம் என்பதால், துணியில் மை ஊறியதுபோல் ஓரம் கசிந்து பரவியிருக்கும். ஈரப் பஞ்சால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள்: கறுப்பு கரைந்து செம்பழுப்பாக இழுபட்டால் சந்தேகம் வலுக்கிறது. கரப்பான் எச்சம் மிளகுத் தூள்போல் தனித்தனியாக உதிரும். பல்லி எச்சத்தின் ஒரு முனையில் வெள்ளை இருக்கும்.

அடுத்து, பகல் வெளிச்சத்தில் தேடுங்கள். டார்ச், பழைய ஏடிஎம் அட்டை, வெள்ளைத் துணி, செல்லோடேப் ஆகியவை போதும். மெத்தையின் விளிம்பில் ஓடும் தையலை விரலால் விரித்து, அட்டையின் ஓரத்தால் மெல்ல வருடிக்கொண்டே நகருங்கள். இலவம்பஞ்சு மெத்தையானால் குழி விழுந்த தையல் புள்ளிகளைத் தவறவிடாதீர்கள். பிறகு கட்டிலைக் கவிழ்த்து, மரக்கட்டிலின் பொருத்துகள், திருகாணித் துளைகள், இரும்புக் கட்டிலின் குழாய் முனைகள், நாடாக் கட்டிலின் பின்னல் மடிப்புகள் ஆகியவற்றைப் பாருங்கள். பலரும் தவறவிடும் இடம் கொசுவலை: அதன் மேல் மூலைகளின் மடித்துத் தைத்த பகுதியில் பூச்சிகள் கூட்டமாக ஒட்டியிருப்பதுண்டு. பாயின் துணிக்கரை, தலைமாட்டுச் சுவரின் வெடிப்பு, மாட்டியிருக்கும் படங்களின் பின்புறம், மகளின் பயணப் பையின் ஜிப் ஓரம் ஆகியவற்றையும் பாருங்கள். பெரும்பாலும் படுப்பவரிடமிருந்து ஆறேழு அடிக்குள்தான் இவை ஒளிந்திருக்கும்.

வளர்ந்த பூச்சி 5 முதல் 7 மில்லிமீட்டர் நீளத்தில், சிறகின்றி, ஆறு கால்களுடன், தட்டையான பழுப்பு நிறத்தில் இருக்கும். இரத்தம் குடித்தபின் நீண்டு பருத்துச் சிவக்கும். குஞ்சுகள் வெளிர்மஞ்சளாக, சில சமயம் வயிற்றில் செந்துளியுடன் தெரியும். முட்டை 1 மில்லிமீட்டர் நீளமே உள்ள, முத்துபோன்ற வெண்மணி, பரப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். குஞ்சு வளர ஐந்து முறை தோலுரிப்பதால், கண்ணாடிபோன்ற சட்டைகளும் கிடைக்கும். ஆனால் சட்டையும் புள்ளியும் பழைய பிரச்சினையின் எச்சமாகவும் இருக்கலாம். உயிருள்ள பூச்சியோ பொரியாத முட்டையோதான் இப்போது அவை இருக்கின்றன என்பதற்குச் சான்று. கிடைத்ததைச் செல்லோடேப்பால் வெள்ளைத் தாளில் ஒட்டிப் படமெடுங்கள். ஐயமிருந்தால் அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் துறையினரிடம் காட்டலாம். விரைந்தோடும் நீண்ட மீசைக்காரன் கரப்பான் குஞ்சு, தாவினால் தெள்ளு, எட்டுக் கால் இருந்தால் உண்ணி.

பகலில் கிடைக்காவிட்டால், விடியலுக்கு முன் மூன்று, நான்கு மணியளவில் சட்டென்று டார்ச் அடித்துத் தையலோரங்களைப் பாருங்கள். அவை அதிகம் வெளிவரும் நேரம் அது. கட்டில் கால்களுக்கு அடியில் வழுவழுப்பான கிண்ணங்களை வைத்து, உள்ளே பவுடர் தடவிக் கண்காணிப்பதும் நல்ல முறை. ஆனால் நம் வெப்பநாடுகளில் பரவலாகக் காணப்படும் மூட்டைப்பூச்சி இனம், குளிர்நாட்டு இனத்தைவிட வழுக்குப் பரப்பில் நன்றாக ஏறக்கூடியது. ஆகவே கிண்ணம் காலியாக இருப்பதை மட்டும் நம்பி நிம்மதியடைய வேண்டாம். பூச்சி குறைவாயிருக்கும் தொடக்க நிலையில் அனுபவசாலிகளுக்கே தப்பிவிடும் என்பதால், வாரம் ஒரு முறை வீதம் சில வாரங்கள் தேடுவதை வற்புறுத்துகிறேன்.

அதுவரை யாரும் வேறு அறைக்குப் போய்ப் படுக்க வேண்டாம். பூச்சி உங்களைத் தேடி அங்கும் வரும். கடையில் விற்கும் ஸ்பிரேயை அடித்தால் பூச்சிகள் சிதறி ஓடி, தேடுதல் கடினமாகும்; அவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகளுக்குப் பல இடங்களில் இவை எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டன. வயலுக்கு அடிக்கும் மருந்தையும், தானியத்துக்கு வைக்கும் நச்சு மாத்திரையையும் படுக்கையறையில் பயன்படுத்தவே கூடாது. அவை உயிரைப் பறிக்கக்கூடியவை. மெத்தையை வெயிலில் போட்டால் மேற்பரப்பு சுடும், பூச்சி உள்ளே நகர்ந்து தப்பிவிடும். விரிப்பு, தலையணை உறை போன்றவற்றை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைப்பது பயன் தரும். இப்பூச்சிகள் மனிதரிடையே நோய் பரப்புவதாக நிறுவப்படவில்லை. சொறிந்த புண்ணில் சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உறுதியானதும் மருந்தடிப்பவரிடம் பூச்சியைக் காட்டி, சுமார் இரண்டு வாரம் கழித்து மறுமுறையும் வருவாரா என்று கேளுங்கள். பெரும்பாலான மருந்துகளுக்கு முட்டை தப்பிவிடும், அது பொரிய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். விடுதிக் காப்பாளரிடமும் தகவல் சொல்லி, மகள் திரும்பும் முன் அவள் அறைக் கட்டிலையும் இதேபோல் பார்க்கச் சொல்லுங்கள்.